கோயில் தவிர

கோலசிலாங்கூரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தபால் நிலையம். மலைமேல் கலங்கரை விளக்கம் இருக்கிறது, மின்மினி பார்க்கப் படகு போகிறது, அதையெல்லாம் விட்டுவிட்டுத் தபால் நிலையமா என்று என் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். எனக்கு அந்த நாளில் யாரும் கடிதம் எழுதியதில்லை, நானும் யாருக்கும் எழுதியதில்லை. நான் அங்கே போனது மூச்சு விடுவதற்கு.

நான் சொல்வது எண்பதுகளின் கதை. மலேசிய அரசாங்கம் பொது இடங்களில் புகைப்பதற்கு ஒவ்வொன்றாகத் தடை போட்டுக்கொண்டு வந்த காலம் அது. ஆஸ்பத்திரி, அரசாங்க அலுவலகம் என்று சட்டம் மெல்ல மெல்ல நடந்து வந்தது. தபால் நிலையச் சுவரில் குறுக்குக்கோடு போட்ட சிகரெட் படம் ஒன்றை ஒட்டி, கீழே ‘டிலாராங் மெரோக்கோக்’, அதாவது புகைக்கத் தடை என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். அந்தச் சுவருக்கு நேரே வரிசையில் நிற்பேன். பின்னால் வருகிறவர்களை “நீங்க போங்க, எனக்கு அவசரமில்லை” என்று முன்னால் அனுப்பிவிடுவேன். அவர்கள் என்னை ரொம்ப நல்ல பெண் என்று நினைத்திருப்பார்கள். கவுண்டருக்குப் போய்விட்டால் தபாலைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டுமே என்பதுதான் என் கவலை.

எனக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு. மழைக்கு வரும், தூசிக்கு வரும், புகை பட்டால் கேட்கவே வேண்டாம், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்தது ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. ஈஜோக்கிலிருந்து கோலசிலாங்கூர் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருந்த தோட்டம். ஆலைக்குப் பக்கத்திலேயே அலுவலகம். ஒரு பக்கத்துச் சன்னல்களைப் பாய்லர் கரி வருகிறது என்று ஆணி அடித்து மூடியிருந்தார்கள். இன்னொரு பக்கத்தை லோரித் தூசி வருகிறது என்று மூடியிருந்தார்கள். திறந்திருந்தது என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பின்சன்னல் ஒன்றுதான். சுவரில் ஒரு காற்றாடி தலையை ஆட்டிக்கொண்டு, உள்ளே இருந்த புகையை எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும்.

புகைக்கா பஞ்சம்? செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி டிரைவர்கள் எடைச் சிட்டு வாங்க வரும்போது வாயில் ஒன்று புகையும். எடை எழுதுகிற எடைக் கிராணி ஒன்றை அணைக்கும் முன்பே அடுத்ததைப் பற்றவைப்பார். எல்லாருக்கும் மேலே தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பாவும் தோட்டத்துக் கிராணிதான். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு, மேசையில் வட்டமான சிகரெட் டின். அவர் கெட்டவர் இல்லை. நான் பிழையாக டைப் அடித்தால் கூட உரக்கத் திட்டமாட்டார். புகையை என் பக்கம் ஊதாமல் கூரையைப் பார்த்து ஊதுவார். அது கூரையில் முட்டி என் பக்கமாகத்தான் இறங்கும், அதற்கு அவர் என்ன செய்வார் பாவம்.

ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, டவுனில் டைப்பிங் கற்றுக்கொண்டு வேலை கிடைக்காமல் இருந்தபோது, தோட்டத்தில் எனக்குக் கொடுத்த வேலை மருந்தடிப்பு. முதுகில் களை கொல்லும் புல்லு மருந்து டாங்கைத் தூக்கிக்கொண்டு மரத்தடி மரத்தடியாகப் போய் அடிக்க வேண்டும். மூக்கைத் துண்டால் கட்டினால் மூச்சு முட்டும், அவிழ்த்தால் மருந்து உள்ளே போகும். வீட்டுக்கு வந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடப்பேன். அதிலிருந்து தப்பித்துத்தான் அலுவலகத்துக்கு வந்தேன், அதுவும் தற்காலிகம். தோட்டத்துக்கு அவ்வப்போது வருகிற டாக்டர் பரிசோதித்து நல்ல உடம்பு என்று சொன்னால்தான் நிரந்தரம். இழுப்புக்காரி என்று தெரிந்தால் திரும்பவும் மருந்து டாங்குதான்.

அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அவள் உதிரிப் பழம் பொறுக்குகிறவள், வெளிவேலை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். “இழுப்பு கிழுப்புன்னு ஆபீசுல வாயத் தொறந்துறாத. இருமல் வந்தா தண்ணி குடி. அதுக்கும் மேல வந்தா கக்கூசுக்குப் போய் இருமு.” நானும் அப்படியே செய்தேன். நான் ஏன் அத்தனை முறை கழிவறைக்குப் போகிறேன் என்று எடைக் கிராணிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கிற துணிச்சல்தான் இல்லை.

ஆகவே எனக்குத் தபால் நிலையம். ஆபீஸ் பையன் வேலையை விட்டுப் போனதிலிருந்து தபால் கட்டைப் பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சட்டம் எங்கள் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது, அது எனக்கு எரிச்சலாக இருந்தது. தபால் வாங்குகிறவனுக்கு நுரையீரல் இருக்கிறது, தபால் அனுப்புகிறவளுக்கு இல்லையா?

ஒரு நாள் சட்டம் வாசலுக்கு உள்ளேயும் வந்தது. எங்கள் மேனேஜரைத் துரை என்றுதான் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சொல்வார்கள், வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலம் ஆகியும். அந்தத் துரைக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று டாக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். தான் நிறுத்தியபின் மற்றவர்கள் பிடிப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் தடை இருக்கிறது, நாமும் போடலாம், ஆலைக்கும் நல்லது, தீ விபத்து வராது என்று பெரிய கிராணியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆலையின் புகைபோக்கி மட்டும் வழக்கம்போலப் பகலெல்லாம் வானத்தைக் கரியாக்கிக்கொண்டிருந்தது. அதற்குத் தடை இல்லை.

பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு அறிவிப்பைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். என் விரல்கள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மலாயில் அடித்து முடித்து, தமிழில் அட்டையில் கையால் எழுத உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது.

“பிள்ளை, அப்ப முனியாண்டிக்கு என்ன செய்யிறது? அங்கை சுருட்டுக் கொளுத்தாமல் உவங்கள் இருக்கமாட்டாங்கள்.”

ஆலை வளாகத்துக்குள்ளேயே, அலுவலகத்துக்குப் பின்னால், அங்சானா மரத்தடியில் முனியாண்டி இருந்தார். தகரக் கூரை, ஒரு கல், ஓர் அரிவாள். ஆலைக்குக் காவல் அவர்தான். எங்கள் ஆட்களுக்கு முனியாண்டியிடம் பயம் அதிகம், எனக்கும்தான். சாமிக்குப் படைக்கிற சுருட்டைத் தடுத்து ஏதாவது ஆகிவிட்டால்?

“சாமிக்கு நாம எப்படிங்கய்யா சட்டம் போடுறது?” என்றேன்.

“அதுவும் சரிதான். கோயில் தவிர எண்டு போடும்.”

போட்டேன். ‘ஆலையிலும் அலுவலகத்திலும் புகைக்கக் கூடாது. கோயில் தவிர.’ நல்ல கொட்டை எழுத்தில், அழகாக, என் கையாலேயே எழுதிக் கதவில் ஒட்டினேன்.

முதல் சில நாட்கள் சொர்க்கம். லோரி டிரைவர்கள் வாசலிலேயே அணைத்துவிட்டு வந்தார்கள். எடைக் கிராணி பென்சிலைக் கடித்தார். நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பாட்டு வந்தது, எனக்குப் பாட வரும் என்பதே அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும்.

பிறகு ஆலையில் பக்தி பெருகியது.

முன்பெல்லாம் முனியாண்டிக்கு வெள்ளிக்கிழமை ஒரு சுருட்டு கிடைக்கும், அதோடு சரி. இப்போது காலையில் ஷிப்ட் மாறும்போது ஒரு படையல். தேநீர் வேளையில் ஒரு படையல். மத்தியானம் சாப்பிட்டபின் கட்டாயம் ஒன்று. சாமிக்கு வைத்த சுருட்டு அணையக் கூடாது என்பது முறை, அதனால் யாராவது ஒருவர் எடுத்து நாலு இழுப்பு இழுத்துக் கனலை ஊதிவிட்டு வைப்பார். அவருக்குக் களைத்தால் அடுத்தவர். மிச்சம் இருப்பது பிரசாதம், பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? கொஞ்ச நாளில் முனியாண்டிக்குச் சிகரெட்டும் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார்கள். சீன லோரி டிரைவர் ஒருவர்கூட ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, தன் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சாமிக்குப் பற்றவைத்தார். அதுவும் அணையக் கூடாது அல்லவா.

திறந்திருந்த ஒரே சன்னல் என் சன்னல் என்று சொன்னேனே, அது முனியாண்டிக்கு நேர் எதிரே. முன்பு ஆறேழு பேரின் புகை அறைக்குள் இருந்தது. இப்போது மொத்த ஆலையின் புகையும் அந்த ஒரு சன்னல் வழியாக என் மேசைக்கு வந்தது. சன்னலைச் சாத்தினால் அறை சூளை. ஒருமுறை சாத்திப் பார்த்தேன். குலை இறக்குகிற ஆள் ஒருவர் வந்து, “சாமி மூஞ்சில சன்னல அடிக்கிறியே, நல்லாவா இருக்கு?” என்று கேட்டுவிட்டுத் தானே திறந்துவிட்டுப் போனார்.

பூசாரியிடம் கேட்டுப் பார்த்தேன். பூசாரி என்றால் தனியாக யாரும் இல்லை, பாய்லர்காரர்தான். நல்ல மனிதர். சிறுவயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தீமிதி பார்க்கப் போனவர்.

“அண்ணே, சுருட்ட அந்தப் பக்கமா வச்சிக் கொளுத்தக் கூடாதா?”

“சாமி பாக்குற தெசையிலதான பாப்பா படைக்கணும். அது உன் சன்னலைப் பாத்துல்ல ஒக்காந்திருக்கு. குடுத்து வச்சவ லா நீ.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது? அட்டையில் எழுதியது நான். தடையும் நல்லது, சாமியும் நல்லது, பாய்லர்காரரும் நல்லவர், நான் மட்டும் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களில் நான் யாரோடும் நீளமாகப் பேசியதில்லை. பேச மூச்சு வேண்டும்.

இதில் இன்னொருவரும் மாட்டிக்கொண்டிருந்தார், பெரிய கிராணி. தொழிலாளிகள் அவர் எதிரில் சிகரெட்டை மறைப்பார்கள், அவரும் அவர்கள் எதிரில் பிடிக்கமாட்டார். அது தோட்டத்து மரியாதை. அவர்களோடு கோயிலடியில் நின்று ஒரே சுருட்டைக் கைமாற்றி இழுக்க அவரால் முடியுமா? சாலை வரைக்கும் நடந்துபோய்ப் பிடிக்க முழங்கால் விடாது. சிகரெட் டின்னைத் திறப்பார், மோந்து பார்ப்பார், மூடுவார். சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடித்த ஒரே ஆள் அவர்தான். நாளுக்கு நாள் முகம் வற்றிக்கொண்டு வந்தது. அவரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

தீபாவளிக்குப் பிறகு டாக்டர் வருவார், அப்போது உன்னையும் பார்ப்பார் என்று சொன்னார்கள். அதற்கு முன்னால் வந்தது முனியாண்டிக்கு வருஷப் பூசை.

அன்று ஆலை அரைநாள் நிற்கும். எல்லோரும் வர வேண்டும், அலுவலக ஆட்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் பாய்லர் சுவர், ஒரு பக்கம் முள்கம்பி வேலி, நடுவே பெண்கள் நாங்கள், பின்னால் மொத்த லயமும். தடை வந்த பிறகு நடக்கிற முதல் பூசை என்பதால் ஆட்களுக்கு வைராக்கியம் கூடிவிட்டது. ஆளுக்கொரு கட்டுச் சுருட்டு. உறுமி மேளம் அடிக்க அடிக்க ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்தார்கள். காற்று அசையவில்லை. புகை அங்கேயே நின்றது.

கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் திரும்பினேன், வழி இல்லை. பக்கத்தில் இருந்தவளிடம் “தள்ளிக்கோ” என்று சொல்லப் பார்த்தேன், குரல் வரவில்லை. அதற்குள் தொடங்கிவிட்டது. தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. கண் பிதுங்கியது. கையால் எதையாவது பிடிக்கத் துழாவினேன், கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. நெஞ்சிலிருந்து உஸ் உஸ் என்று ஒரு சத்தம். இத்தனை நாள் கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த சத்தம், ஊர் நடுவில் வந்துவிட்டது. தொலைந்தேன் என்று நினைத்தேன். மருந்து டாங்கு முதுகில் ஏறிவிட்டது போலவே இருந்தது.

“சாமி வந்துருச்சி! பாப்பாவுக்குச் சாமி வந்துருச்சி!” என்று யாரோ கத்தினார்கள்.

உறுமி வேகம் பிடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ என் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். யாரோ நெற்றியில் கை நிறையத் திருநீற்றை அப்ப, பாதி மூக்குக்குள் போனது. நான் இன்னும் துள்ளினேன். துள்ளத் துள்ள அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. பாய்லர்காரர் கையெடுத்துக் கும்பிட்டபடி என் முன்னால் வந்தார். நேற்றுவரை பாப்பா என்றவர்.

“யாரு வந்திருக்கிறது? என்ன வேணும்னு சொல்லு தாயி. சுருட்டு வேணுமா?”

புகைந்துகொண்டிருந்த சுருட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் தட்டிவிட்டேன். அது பறந்துபோய்த் தகரக் கூரையில் பட்டு விழுந்தது. “பொகை… வேணாம்” என்று எப்படியோ வந்தது. “பொகை… வேணாம்…”

மேளம் நின்றது. அந்த நேரத்தில் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். என்னை ஒரு பார்வைதான் பார்த்தாள். என்ன என்று அவளுக்குத் தெரியாதா, எத்தனை தடவை நெஞ்சைத் தடவிவிட்டவள்! முன்வரிசையில் பெரிய கிராணி நிற்பதையும் பார்த்தாள். சட்டென்று, “ஆத்தா! மாரியாத்தா!” என்று அலறிக்கொண்டு என் காலில் விழுந்தாள்.

பெற்ற தாயே விழுந்தபின் மற்றவர்கள் நிற்பார்களா? பாய்லர்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “மாரியாத்தா வந்திருக்கா. அண்ணன் முனியாண்டி வீட்டுக்கு வந்த எடத்துல பொகை நாத்தம்னு கோவிச்சிக்கிட்டா. போடுங்கடா எல்லாத்தையும் கீழ!”

அத்தனை சுருட்டும் மண்ணில் விழுந்தது. செருப்பு இல்லாத கால்களால்கூட மிதித்து அணைத்தார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். புகை அடங்கியது, மூச்சு மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது, தோள் நின்றது. “மலையேறிட்டா, மலையேறிட்டா” என்று சொன்னார்கள். அம்மா என் முகத்தைத் துடைக்கிற சாக்கில் காதருகே குனிந்தாள்.

“சாமின்னே இருக்கட்டும்டி.”

அரசாங்கமும் துரையும் சேர்ந்து செய்ய முடியாததை என் இழுப்பு செய்துவிட்டது. மறுநாளிலிருந்து ஆலையில் ஒருவன்கூடப் பற்றவைக்கவில்லை. கோயிலடியில் மட்டுமல்ல, வாசலுக்கு வெளியே சாலையில் நின்றுகூடப் பயந்து பயந்துதான் பிடித்தார்கள். என் அட்டையில் இருந்த ‘கோயில் தவிர’ என்ற இரண்டு சொற்களை யாரோ கரியால் அடித்துவிட்டிருந்தார்கள். முனியாண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல் முளைத்தது, மஞ்சள் பூசி, சிவப்புப் பட்டுத் துண்டு கட்டி. அது நான்.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பாய்லர்காரர் வந்து, “தாயி, வரணும்” என்றார். புதுக் கல்லுக்கு முன்னால் பாய் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். ஆத்தாவுக்குச் சுருட்டு ஆகாது, சரி, வேறு என்ன ஆகும்? சாம்பிராணி. ஒரு சட்டி நிறையத் தணல், அதில் கைகையாகச் சாம்பிராணியைப் போட்டு, விசிறியால் விசிறி என் முகத்துக்கு நேராக அனுப்பினார்கள். எனக்கு வந்துவிட்டது. வராமல் இருக்குமா? தோள் ஏறி இறங்கியது, முடி அவிழ்ந்தது. “வந்துட்டா, வந்துட்டா” என்று அவர்களுக்குச் சந்தோஷம். குழந்தைக்குச் சீக்கு என்று ஒருத்தி கேட்டாள், மகனுக்கு வேலை கிடைக்குமா என்று ஒருத்தி கேட்டாள், லாட்டரிக்கு என்ன நம்பர் எடுக்கலாம் என்று குலை இறக்குகிறவர் கேட்டார். நான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கையை ஆட்டியதில் அவர் ஏதோ நம்பரைப் பார்த்துவிட்டார். அதற்கு எதுவும் விழவில்லை, கையை அவர்தான் சரியாகப் பார்க்கவில்லையாம்.

சாம்பிராணியும் வேண்டாம் என்று ஆத்தா சொல்லியிருக்கலாமே என்று என் மகள் கேட்கிறாள். சொன்னேன். அடுத்த வாரமே சொன்னேன். “ஆத்தா நம்மளச் சோதிக்கிறா” என்று இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டார்கள். எனக்கு இழுப்பு என்று சொன்னால் சாமி பொய்யாகும், அம்மா விழுந்தது பொய்யாகும், சுருட்டு திரும்பி வரும், வேலை போகும். வெள்ளிக்கு வெள்ளி, இழுப்பு மாத்திரையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் வருகிற வாரம் வந்தது. ஒரு பிற்பகல், எடைக் கிராணி லீவில் போயிருந்த நாள், நான் தபால்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய கிராணி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

“பிள்ளை, என்ர தங்கச்சிக்கும் உந்தச் சாமி வாறது,” என்றார். “மழைக்காலத்திலை கூட வரும். பஞ்சு மெத்தை தட்டினாலும் வரும்.”

என் கையிலிருந்து உறை ஒன்று கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“பயப்பிடாதையும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். டொக்டரிட்டை நானே கதைக்கிறன், இவ்வளவு காலமும் ஒரு நாள் லீவு எடுக்காத பிள்ளை எண்டு. அவர் என்ர சொல்லைத் தட்டமாட்டார். நீர் நிரந்தரம் எண்டே நினைச்சுக் கொள்ளும்.”

அழுதுவிட்டேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, இந்த உலகத்தில் ஒருவருக்காவது என் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று தெரியும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. தெய்வம் நேரில் வந்த மாதிரி இருந்தது, இந்த முறை நிஜமான தெய்வம். கும்பிட்டேன்.

“சரி, சரி,” என்றார். அவருக்கும் மனது லேசாகிவிட்டது தெரிந்தது. ரகசியத்தைச் சொல்லிவிட்டவர்களுக்கு வருகிற ஒரு நெருக்கம் வந்துவிட்டது. எழுந்து என் பக்கத்துச் சன்னலுக்கு வந்தார். வெளியே இரண்டு சாமிகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டார்.

“உவங்கள் பாத்தால் ஆத்தாக் குத்தம் எண்டு சண்டைக்கு வருவாங்கள்,” என்று சிரித்தார். “எங்கள் ரெண்டு பேருக்கும் தானே தெரியும், ஆத்தா ஆரெண்டு.”

டின்னைத் திறந்தார். ஒன்றை எடுத்து டின் மூடியில் மெல்லத் தட்டினார். தீக்குச்சி உரசியது. கண்ணை மூடிக்கொண்டு அவர் இழுத்த அந்த முதல் இழுப்பு இருக்கிறதே, அவ்வளவு ஆனந்தத்தை ஒரு மனித முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாவம், எத்தனை மாதமாகக் காத்திருந்தாரோ. மரியாதையாகக் கூரையைப் பார்த்து ஊதினார்.

“ஒண்டு ரெண்டுதான். கரைச்சல் இல்லையே பிள்ளை?”

“இல்லைங்கய்யா,” என்றேன்.

அடைத்த கதவு, ஆணி அடித்த சன்னல்கள், கொக்கி போட்ட சன்னல். காற்றாடி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. தண்ணீர் குவளையை எடுத்துக் குடித்தேன். வெளியே போக எனக்கு மிச்சம் இருந்த ஒரே வழி கையில் இருந்தது, அந்தத் தபால் கட்டு.

“ஐயா, இதை நாளைக்குக் காலையிலேயே டவுனுக்குக் கொண்டுபோயிடட்டுங்களா?”

“உதை ஏன் நீர் கொண்டு திரியோணும்?” என்றார் பெரிய கிராணி, அவ்வளவு பரிவோடு. “நெஞ்சு ஏலாத பிள்ளை, வெயிலிலும் தூசியிலும் பஸ்ஸில் அலையிறது சரியில்லை. நாளையிலிருந்து வேற ஆளை அனுப்புறன். நீர் இஞ்சையே இரும்.”

தபால் கட்டை வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டார். நான் நன்றி சொன்னேன்.